பக்கத்து வயல்காரர் அனுப்பிய கடிதமும் உங்கள் குளக்கட்டும்

கேள்வி: வவுணதீவுப் பக்கம் எங்கள் உறுதிக்காணிக்குள் ஒரு சிறு குளம் இருக்கிறது. அப்பா சொந்தச் செலவில் போட்ட மண்கட்டு. அப்பா காலமான பிறகு காணி எனக்கும் சுவிஸில் இருக்கும் அண்ணாவுக்கும் வந்தது. போன மாரியிலிருந்து துருசுக்கு (குளத்து நீரைத் திறந்துவிடும் மதகு) பக்கத்தில், கட்டின் வெளி அடியில் தண்ணீர் கசிகிறது. கீழே ஒருவருடைய வயல், அதற்கப்பால் நாலைந்து குடும்பங்களின் வீடுகள். கட்டு உடைந்தால் முழு நட்டத்தையும் நீங்களே தரவேண்டும் என்று அந்த வயல்காரர் சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆனால் எங்கள் வானால் (குளம் நிரம்பினால் மேலதிக நீர் வழியும் இடம்) வரும் தண்ணீர் ஓடும் வாய்க்காலை உழுது தன் வயலோடு சேர்த்தவரும் அவரேதான். மழைக்கு உடைந்தால் நான் எப்படிப் பொறுப்பு? கடிதத்துக்குப் பதில் எழுதவேண்டுமா? அண்ணா சம்மதிக்காமல் கட்டைத் திருத்தலாமா?

பதில்: கடிதத்துக்குப் பதில் எழுதத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் குளத்து நீர்மட்டத்தைக் குறையுங்கள். துருசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, சில நாட்களில் இறக்குங்கள். ஒரேயடியாக வற்றவைத்தால் ஊறிப்போயிருக்கும் உள்பக்கச் சரிவு கழன்று விழும். மாரிக்கு முன் இதைச் செய்யாமல் சட்டம் பேசிக்கொண்டிருந்தால், கீழே இருக்கும் அந்த வீடுகளுக்கு நாம் இருவருமே பதில் சொல்லவேண்டி வரும்.

கசிவையும் கிட்டப் போய்ப் பாருங்கள். தண்ணீர் வெளியே வரும் இடத்தில் ஒரு கண்ணாடிப் போத்தலைப் பிடித்து, நிரம்பியதும் அரைமணி நேரம் அப்படியே வையுங்கள். அடியில் மண் படிந்தால் கட்டின் உள்மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். தெளிந்த நீரென்றால் அவசரம் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். துருசுக் குழாயை ஒட்டி வரும் கசிவு எப்போதும் சந்தேகத்துக்குரியது. குழாய்க்கும் மண்ணுக்கும் இடையில் ஒரு சின்ன வழி கிடைத்தால் போதும், தண்ணீர் அதைப் பெருப்பித்துவிடும். போத்தலையும் கசிவையும் திகதியோடு படமெடுத்து வையுங்கள். அந்தப் படங்கள் நாளைக்கு வழக்கில் உங்களுக்கு உதவும், அல்லது உங்களுக்கு எதிராகவே வரும். எது என்பது படமெடுத்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

இனிச் சட்டம். குளம் உங்களுடையது என்பதற்காக மட்டும் நட்டஈடு உங்கள் தலையில் விழாது. நம் நாட்டில் இப்படியான நட்டஈட்டு வழக்கு ரோமன் டச்சுச் சட்டத்தின் கீழ் வருவது. வழக்காளி உங்கள் கவனக்குறைவையும், அதனால்தான் தனக்கு நட்டம் வந்தது என்பதையும் நிரூபிக்க வேண்டும். கவனக்குறைவா என்று பார்க்கும்போது நீதிமன்றம் கேட்பது, நியாயமான ஒரு மனிதர் இந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டிருப்பாரா, கண்டால் என்ன செய்திருப்பார் என்பதைத்தான். போன மாரிக்கு முன் உடைந்திருந்தால் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல ஓரளவு இடமிருந்தது. கசிவைக் கண்ணால் கண்டு, எழுத்தில் கடிதமும் வாங்கிய பிறகு அந்த வாய்ப்புப் போய்விட்டது. கடிதம் எழுதிய சட்டத்தரணி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

‘மழைக்கு உடைந்தால்’ என்று கேட்கிறீர்கள். கடவுள் செயல் என்ற எதிர்வாதம் சட்டத்தில் உண்டுதான். ஆனால் யாரும் எதிர்பார்க்க முடியாத அளவுக்கு வந்ததற்கே அது பொருந்தும். மட்டக்களப்பில் கார்த்திகையிலும் மார்கழியிலும் மழை கொட்டுவது யாருக்குத்தான் தெரியாது? 2011 ஜனவரி வெள்ளத்தை அனுபவித்த ஊர் இது. ‘இப்படி மழை பெய்யும் என்று நினைக்கவில்லை’ என்று இங்குள்ள நீதிமன்றத்தில் சொல்லி நிற்பது கஷ்டம். அதற்கும் மேல், மண்கட்டு உடைய வெள்ளம்தான் வரவேண்டும் என்றில்லை. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளம் உடைப்பெடுத்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அது சித்திரை மாதம், மாரி அல்ல. கட்டின் மேல் பாரமான வாகனங்கள் ஓடியதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. உங்கள் கட்டின் மேலால் உழவு மெஷினும் மண் ஏற்றிய டிராக்டரும் போகிறதென்றால் இன்றைக்கே இரண்டு கல்தூண் நட்டு மறியுங்கள். பாதை தேவைப்படுபவர்கள் கோபிப்பார்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

உயிர்ச்சேதம் வந்தால் விடயம் பணத்தோடு நிற்காது. அசட்டையான செயலால் மரணம் விளைவித்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனை பெறக்கூடிய குற்றம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் இது நடக்கிறது. மழை இரவில் தண்ணீர் கட்டைத் தொடும்போது, மண்வெட்டியோடு போய்த் தனக்கு வசதியான பக்கமாக வெட்டிவிடுவது. அது கவனக்குறைவு அல்ல, வேண்டுமென்றே செய்த சேதம். அப்படியொரு இரவு வந்தால் முதலில் கீழே உள்ள வீடுகளை எழுப்புங்கள், கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு எடுங்கள்.

அடுத்தது வயல்காரர் மூடிய வாய்க்கால். இதில் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. இயல்பாக ஓடிவரும் மழைநீரை மேட்டுக்காணியிலிருந்து பள்ளக்காணி ஏற்கத்தான் வேண்டும். ஆனால் கட்டுப்போட்டுத் தேக்கி, ஒரே இடத்தால் விடும் வான் தண்ணீர் இயல்பான ஓட்டம் ஆகாது. அதற்கு வழியுரிமை வேண்டும். அந்த வாய்க்காலால் பத்து வருடத்துக்கு மேல் தடையில்லாமல், வயல்காரரிடம் அனுமதி கேட்காமல், உரிமையாகத் தண்ணீர் போயிருந்தால் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்கும். வட்டவிதானையாராக (வயல்களின் நீர்ப்பங்கீட்டைக் கவனிப்பவர்) இருந்தவர், பழைய குத்தகைக்காரர், அயல் வயல்காரர் ஆகியோரை இப்போதே போய்ப் பாருங்கள். வயதானவர்களின் சாட்சியத்தைத் தள்ளிப்போடக் கூடாது. நில அளவைப் படத்தில் வாய்க்கால் கோடு இருந்தால் இன்னும் நல்லது.

அவர் வாய்க்காலை மூடியதால்தான் வான் அடைபட்டுக் கட்டு உடைந்தது என்று காட்ட முடிந்தால், நட்டப்பட்டவரின் சொந்தக் கவனக்குறைவையும் கணக்கிலெடுக்கும் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவருடைய பங்குக்கேற்ப நட்டஈடு குறையும். ஆனால் அது அவருக்கெதிராக மட்டும்தான். கீழே இருக்கும் வீட்டுக்காரர் எந்த வாய்க்காலையும் மூடவில்லை. அவர் உங்களிடம் முழுத்தொகையையும் கேட்கலாம். பிறகு நீங்கள் வயல்காரரிடம் பங்கு கேட்டு அலையவேண்டும். ஆகவே உடைந்த பின் சொல்வதற்கென்று இந்த வாதத்தைச் சேமித்து வைக்காதீர்கள். வாய்க்காலைத் திறக்கச் சொல்லி கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் முறையிடுங்கள், பிரதேச செயலாளருக்கும் பிரதி கொடுங்கள். 80 ஹெக்டேயர் வரை நீர் பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பார்வைக்குள் வருபவை என்பதால், உங்கள் குளத்து நீர் வேறு கமக்காரருக்கும் போகிறதென்றால் அதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள். கைகலப்பு வரும்போல் இருந்தால் பொலிஸ் மூலம், காணித் தகராறால் அமைதி குலையாமல் தடுக்கும் முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு வழக்காக அது நீதிமன்றம் போகும். அங்கே வாய்க்கால் உரிமையையும் விசாரித்து இடைக்கால ஒழுங்கு தரலாம்.

ஒரு எச்சரிக்கை. அப்பா கட்டுப்போட்டது காணிக்குள் விழும் மழைநீரைத் தேக்கவா, அல்லது ஓடும் அருவியை மறித்தா? அருவியை மறித்ததென்றால் பொது நீரோடைகளின் நீர் அரசுக்குரியது, 1947ஆம் ஆண்டின் அரச காணிக் கட்டளைச் சட்டப்படி அனுமதி வேண்டும். முறையிடப் போகுமுன் பழைய பெட்டியைக் கிளறி, அனுமதிக் கடிதம் ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அண்ணாவின் சம்மதம் பற்றி: பலருக்குப் பங்குள்ள காணியைக் காப்பாற்ற அவசியமான திருத்தத்தை ஒரு பங்குக்காரர் தனித்தே செய்யலாம், செலவில் மற்றவரின் பங்கையும் கேட்கலாம். கசிவை அடைப்பது, வானைத் துப்புரவாக்குவது, கட்டில் தாழ்ந்த இடத்துக்குக் கிரவல் போட்டு இறுக்குவது எல்லாம் அதற்குள் வரும். கட்டை உயர்த்திக் குளத்தைப் பெருப்பிப்பது வராது. அதற்குச் சம்மதம் வேண்டும், இப்போதைய நிலையில் அதை நினைக்கவும் வேண்டாம். பெக்கோ பிடிக்குமுன் ஒரு பொறியியலாளரைக் கூட்டிப்போய் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அண்ணா மறுத்தாலும் அறிக்கையின் பிரதியை அவருக்கு அனுப்புங்கள். காணியில் பங்கிருப்பவருக்குப் பொறுப்பிலும் பங்கிருக்கிறது என்று தெரிந்தால் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் நீங்கள் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதித்தர அவரே முன்வரக்கூடும்.

இவ்வளவும் தொடங்கிய பிறகு கடிதத்துக்குப் பதில். ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று தொடங்கி, சட்டத்தரணி மூலமே அனுப்புங்கள். கசிவு இல்லை என்று எழுதவேண்டாம், அது பொய். பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன் என்றும் எழுதவேண்டாம். நீர்மட்டத்தை எந்தத் திகதியில் இறக்கினீர்கள், பொறியியலாளர் எப்போது பார்த்தார், திருத்தம் எப்போது தொடங்கும் என்பதை எழுதுங்கள். வாய்க்காலைப் பதினான்கு நாளுக்குள் பழையபடி திறந்துவிடும்படி அதே கடிதத்தில் கேளுங்கள். பதிவுத்தபாலில் போகட்டும், பற்றுச்சீட்டைக் கோப்பில் வையுங்கள்.