கேஸ் அலாரத்தைக் கூரையில் மாட்டலாமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் விசைப்படகு வைத்திருக்கிறேன். மூன்று, நான்கு நாள் கடலில் தங்குவதால் படகிலேயே சமையல். அடுப்பு கேபினில், சிலிண்டர் அதற்குக் கீழே. மகன் வாங்கி வந்த கேஸ் அலாரத்தைக் கேபின் கூரையில் மாட்டினோம். பெயின்ட் அடித்த அன்று கத்தியது. டியூப் கழன்று கேஸ் நாறியபோது கத்தவில்லை. கருவி பழுதா?

பதில்: பழுதாக இருக்காது. தின்னர் ஆவிக்கும் இந்த சென்சார்கள் கத்தும். மாட்டிய இடம்தான் தப்பு.

சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து ஓடும். வீட்டில் வாசற்படி தாண்டியாவது போய்விடும். படகோ ஓட்டையில்லாத அண்டா. கேபினில் கசிந்தது இன்ஜின் ரூமுக்கு இறங்கி, அடியில் தண்ணீர் தேங்கும் இடத்தில் தானும் தேங்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். 10 கன மீட்டர் இன்ஜின் ரூமுக்கு அரைக் கிலோ கேஸ்கூட வேண்டாம். விடியற்காலையில் செல்ஃப் அடிக்கும்போது வரும் ஒரு பொறி போதும். மூக்கு காட்டிக்கொடுக்கும் என்பீர்கள். டீசலும் மீனும் மணக்கிற இடத்தில், அதுவும் தூங்குகிறவர் மூக்கை எப்படி நம்புவது?

அதனால் கேபின் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அலாரம் இருக்கட்டும். இன்ஜின் ரூமிலும் ஒரு சென்சார் வேண்டும். தண்ணீர் தெறிக்காத அளவுக்குத் தாழ்வாக. சத்தம் போடும் பெட்டி மட்டும் படகை ஓட்டுகிற வீல் ஹவுஸில் இருக்க வேண்டும். இன்ஜின் இரைச்சலில் கீழே கத்தினால் யாருக்குக் கேட்கும்? வாங்கும்போது எல்பிஜிக்கானதா என்று பாருங்கள். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு. அதற்கான கருவியைத்தான் உயரத்தில் மாட்டச் சொல்வார்கள். அப்புறம், அடைத்த அறையில் அடுப்பு எரிந்தால் சேரும் விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடை இந்த அலாரம் கண்டுகொள்ளாது. சமைக்கும்போது ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அலாரம் இரண்டாம்பட்சம். முதலில் சிலிண்டரை மேல்தளத்துக்கு ஏற்றுங்கள். நிழலில், சாயாதபடி கட்டி, கசிந்தது கடலுக்கு வெளியேற அடியில் துளை விட்ட பெட்டிக்குள் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு வேலை நடக்கும்போது பெட்டியையும் அடித்துவிடலாம். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்கு வைக்கச் சட்டப்படி அனுமதியில்லை. 5 கிலோ சிலிண்டர் படகுக்குக் கைக்கடக்கம். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபுக்கு ஆயுள் 5 ஆண்டு என்றாலும், உப்புக்காற்றில் கிளிப் அதற்கு முன்பே துருப்பிடிக்கும். கரையில் இருக்கும்போதெல்லாம் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். சமைத்து முடித்ததும் அடுப்பை மட்டுமல்ல, ரெகுலேட்டரையும் மூடுங்கள்.

அலாரம் அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், அணைக்கக்கூட. ரெகுலேட்டரை மூடி, ஜன்னல், தளத்து மூடிகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, எல்லோரும் தளத்துக்கு வந்துவிடுங்கள். நாற்றம் முழுக்கப் போகாமல் செல்ஃப் அடிக்கக் கூடாது.

இடம் மாற்றும் முன் ஒரு சோதனை. கருவியிலுள்ள பொத்தான் சத்தம் வருகிறதா என்று மட்டுமே காட்டும். கருவியைத் திறந்த தளத்துக்குக் கொண்டுவந்து, லைட்டரின் சக்கரத்தைச் சுழற்றாமல் கேஸை மட்டும் சென்சார் அருகே விடுங்கள். அப்போதும் கத்தவில்லை என்றால், பழுதுதான்.