மேயரின் அடையாளம் மட்டுமே காரணமா?

வணக்கம். கறுப்பினப் பெண் மேயரானதால்தான் சான் பிரான்சிஸ்கோவில் கர்ப்பிணிகளுக்கான உதவித்தொகைத் திட்டம் பிறந்தது என ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவ்வளவு உறுதியாக எழுத வேண்டாம். ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்பில் பாட்டியிடம் வளர்ந்த அப்போதைய மேயர் லண்டன் பிரீட், கறுப்பின, பசிபிக் தீவுப் பெண்கள் சுமார் 150 பேருக்கு மாதம் 1,000 டாலர் வழங்கும் திட்டத்தை 2020 செப்டம்பரில் அறிவித்தார் என்பது உண்மையே. ஆனால் அதை வடிவமைத்தவர்கள், குறைப்பிரசவத்தில் இனங்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வைக் கண்டு கவலையுற்ற மருத்துவர்களும் பொதுச் சுகாதாரப் பணியாளர்களும். இனத்தை வெளிப்படையாகச் சுட்டும் துணிவை மேயரின் பின்புலம் தந்திருக்கலாம் (அதுவே பின்னர் வழக்குக்கும் இடமளித்தது). வெள்ளையரான பில் டி பிளாசியோ மேயராக இருந்தபோது நியூயார்க்கும் 2018இல் கறுப்பினப் பெண்கள் உள்ளிட்டோரின் மகப்பேறுகால இறப்புகளைக் குறைக்க 1.28 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தது. அவர் மனைவி கறுப்பினத்தவர் என்பதால், அந்த ஒப்பீட்டையும் கவனமாகவே கையாளுங்கள்.