24 ட்ராக் என்றால் 24 மைக் இல்லை: மல்டிட்ராக் ரெக்கார்டர் கேள்வி-பதில்

கம்ப்யூட்டர் துணையில்லாமல் தனியாகவே இயங்கும் மல்டிட்ராக் ரெக்கார்டர்கள் (ஒவ்வொரு குரலையும் வாத்தியத்தையும் தனித்தனி ட்ராக்காகப் பதிவு செய்யும் பெட்டிகள்) பற்றிக் கொஞ்ச நாளாகவே நிறைய கேள்விகள் வருகின்றன. மேடைப் பதிவுக்கு நான் இன்றும் இந்தப் பெட்டிகளைத்தான் நம்புகிறேன். லேப்டாப்புக்கு நூறு வேலை, இதற்கு ஒரே வேலை.

எங்கள் லைட் மியூசிக் குழுவில் 11 மைக். டாஸ்காம் டிபி-24எஸ்டி வாங்கினால், 24 ட்ராக் இருப்பதால் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிவு செய்துவிடலாம்தானே?

முடியாது. பணம் கட்டுவதற்கு முன் கேட்டது நல்லதாகப் போயிற்று. அந்த 24 என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய ட்ராக்குகளின் கணக்கு. ஒரே நேரத்தில் பதிவாவது 8 மட்டும்தான். ஜூம் ஆர்16-ம் இதே வகைதான்: ட்ராக் 16, ஒரே நேரத்தில் 8. வீட்டில் உட்கார்ந்து முதலில் கிட்டார், அப்புறம் குரல், அப்புறம் கோரஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பவருக்கு இவை அருமையான பெட்டிகள். மேடைக்கு வேறு கணக்கு. கடையில் 'ஒரே நேரத்தில் எத்தனை, அதில் மைக் இன்புட் எத்தனை' என்று இரண்டையும் கேளுங்கள். ஜூம் லைவ்ட்ராக் எல்-20 போன்ற ஒன்று உங்களுக்குச் சரியாக வரும். 16 மைக் இன்புட், மிக்சரும் ரெக்கார்டரும் ஒரே பெட்டியில், கடைசியாகச் சேரும் ஸ்டீரியோ மிக்ஸோடு மொத்தம் 22 ட்ராக் பதிவாகும்.

கச்சேரிப் பதிவில் பாட்டும் வயலினும் நன்றாக இருக்கின்றன. தனி ஆவர்த்தனத்தில் மட்டும் மிருதங்கம் கரகரக்கிறது. மிக்ஸிங்கில் சரிசெய்ய முடியுமா?

நடந்ததை முழுதாகச் சரிசெய்ய முடியாது. அடுத்த முறை நடக்காமல் பார்த்துக்கொள்ளலாம். மிருதங்கக்காரர் சுருதி சேர்க்கும்போது தட்டும் தட்டு மெல்லியது. அதை வைத்து கெயினை (மைக் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவை) திருகி நிறுத்தினால், மோரா, கோர்வை என்று பலத்த வாசிப்பு வரும்போது ஒலி எங்கோ போய்விடும். டிஜிட்டலில் 0 என்பது கூரை. அதற்கு மேல் போன அலை தலை வெட்டுப்பட்டுத்தான் பதிவாகும். அதனால் ஒலி சரிபார்க்கும்போது அவரிடமே, 'ஐயா, தனியில் வாசிக்கிற மாதிரி ஒரு தீர்மானம் வாசித்துக் காட்டுங்கள்' என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகவே வாசிப்பார்கள். அந்த வாசிப்பு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள்.

'லெவல் குறைந்தால் தரம் குறையாதா' என்று கேட்பீர்கள். ஒலியின் அளவை எழுதும் எண்ணில் ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல். 12 டெசிபல் இடம் விட்டால் 24 பிட்டில் இரண்டு பிட் போகும். மீதி 22 தாராளம். 16 பிட் காலத்தில் லெவலை முட்டி முட்டி வைத்த பழக்கம்தான் இன்னும் பலரை விடாமல் துரத்துகிறது.

இன்னொன்று: மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கும் இடப்பக்கமான தொப்பிக்கும் தனித்தனி மைக், தனித்தனி ட்ராக் கொடுங்கள். கூடவே, இரண்டு மைக்குகளைச் சபையை நோக்கித் திருப்பி வையுங்கள். கைதட்டலும், ஒரு சங்கதிக்கு முன்வரிசையில் எழும் 'ஆஹா'வும் இல்லாத கச்சேரிப் பதிவு எனக்கு எப்போதும் பாதிப் பதிவாகத்தான் படும்.

32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கினால் லெவலைப் பற்றிக் கவலையே வேண்டாமாமே?

32 பிட் ஃப்ளோட் என்பது மிக மெல்லிய ஒலி முதல் மிகப் பலத்த ஒலி வரை தலை வெட்டாமல் எழுதும் முறை. ரெக்கார்டருக்குள் நுழைந்த ஒலிக்கு நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் உண்மை. ஜூம் எஃப்6 போன்றவற்றில் மெல்லிய ஒலிக்கு ஒன்று, பலத்த ஒலிக்கு ஒன்று என இரண்டு ஏடி கன்வெர்ட்டர்கள் (ஒலியை எண்களாக மாற்றும் பாகங்கள்) சேர்ந்து வேலை செய்கின்றன. ஆனால் தவிலுக்கு மிக அருகே வைத்த மைக் தனக்குள்ளேயே திணறினால், அந்தத் திணறல்தான் அழகாகப் பதிவாகும். மைக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

நிகழ்ச்சி நடுவில் கரண்ட் போய்விட்டது. கார்டில் ஃபைல்கள் இருக்கின்றன, எதுவும் ஓடவில்லை. எல்லாம் போச்சா?

பெரும்பாலும் போயிருக்காது. ஒரு கோயில் மண்டபத்தில் எனக்கே இது நடந்தது. ஒன்றரை மணி நேரப் பதிவு. அன்று இரவு நான் தூங்கவில்லை.

வேவ் ஃபைலின் தலைப்பகுதியில், உள்ளே எவ்வளவு ஒலி இருக்கிறது என்ற அளவு எழுதப்பட்டிருக்கும். நிறைய ரெக்கார்டர்கள் அதை நீங்கள் ஸ்டாப் அழுத்தும்போதுதான் பூர்த்தி செய்கின்றன. கரண்ட் முந்திக்கொண்டால் அளவு பூஜ்யம் என்றே நின்றுவிடும். ஒலி உள்ளே இருந்தும், ப்ளேயர் 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடும்.

முதல் காரியம், அந்தக் கார்டில் இனி எதையும் பதிவு செய்யாதீர்கள். முழுதாக ஒரு பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் கை வையுங்கள். ஃபைலின் அளவு பல எம்பி காட்டினால் நல்ல செய்தி. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில், தலைப்பகுதியைப் பார்க்காமலே ஒலியை எடுக்கும் 'ரா டேட்டா' இறக்குமதி என்று ஒரு வசதி உண்டு. அதில் வரும் பட்டியல்களில் 24 பிட் பிசிஎம், லிட்டில் எண்டியன், மோனோ, 48000 என்று, நீங்கள் பதிவு செய்த அமைப்பையே கொடுங்கள். பாட்டுக்குப் பதில் காதைக் கிழிக்கும் இரைச்சல் வந்தால் பயப்படாதீர்கள். 24 பிட்டில் ஒரு சாம்பிளுக்கு (ஒலியை அளந்த ஒவ்வொரு எண்ணுக்கும்) மூன்று பைட். தொடங்கும் இடம் ஒரு பைட் பிசகினாலும் வெறும் இரைச்சல்தான் கேட்கும். தொடக்க எண்ணை ஒன்று கூட்டிப் பாருங்கள், இல்லையென்றால் இன்னும் ஒன்று. மூன்றில் ஒன்றில் பாட்டு வந்துவிடும். எனக்கு மூன்றாவது முயற்சியில் தம்புராதான் முதலில் கேட்டது.

ஃபைல் அளவே 0 என்று காட்டினால் கதை கடினம். எல்லா ட்ராக்கின் துண்டுகளும் கார்டில் மாறி மாறிக் கிடக்கும். அனுபவமுள்ள டேட்டா ரெக்கவரி ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

இனிமேல் ரெக்கார்டருக்கென்று ஒரு சின்ன யூபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உருப்படிகளுக்கு நடுவே ஸ்டாப் அழுத்தி, உடனே மறுபடி ரெக்கார்ட் போடுங்கள். அதற்கு முன் முடிந்த ஃபைல்கள் பத்திரம்.

அப்பாவின் குழு 90-களில் பதிவு செய்த ஏடாட் டேப்புகள் ஆறு கிடைத்தன. விஎச்எஸ் ப்ளேயரில் ஓடுமா?

ஓடாது, போட்டும் பார்க்காதீர்கள். கேசட் எஸ்-விஎச்எஸ் வீடியோ கேசட்தான், ஆனால் உள்ளே இருப்பது டிஜிட்டல் ஒலி, ஒரு டேப்பில் 8 ட்ராக். 1991-ல் அலெசிஸ் நிறுவனம் அறிவித்த இந்த ஏடாட் ரெக்கார்டர் வந்த பிறகுதான் சின்ன ஸ்டூடியோக்களாலும் டிஜிட்டல் மல்டிட்ராக் வாங்க முடிந்தது. ஓடும் நிலையில் உள்ள ஏடாட் கருவி வைத்திருப்பவரைத் தேடுங்கள். அனலாக் அவுட்டில் எடுக்காமல், ஆப்டிகல் கேபிள் வழியாக 8 ட்ராக்கையும் டிஜிட்டலாகவே எடுக்கச் சொல்லுங்கள். டேப் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால், சுத்தம் செய்யாமல் கருவிக்குள் விடவே கூடாது. லேபிளில் எழுதியிருப்பதை எல்லாம் போட்டோ எடுத்து வையுங்கள். மூன்றாவது ட்ராக்கில் யார் பாடினார் என்பது சில சமயம் அங்கே மட்டும்தான் இருக்கும்.

மூன்று மணி நேரம், 16 ட்ராக். எவ்வளவு பெரிய கார்டு?

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு ட்ராக்குக்கு மணிக்குச் சுமார் 520 எம்பி. உங்களுக்கு 25 ஜிபி வரும். 64 ஜிபி கார்டு போடுங்கள். ஆனால் பழைய கருவிகள் சில 32 ஜிபிக்கு மேல் ஏற்காது, பார்த்து வாங்குங்கள். கார்டை ரெக்கார்டரிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

வீடியோவோடு சேர்க்கும்போது தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, கடைசியில் உதடும் குரலும் ஒட்டவில்லையே?

கேமராவின் கடிகாரமும் ரெக்கார்டரின் கடிகாரமும் துளி வித்தியாசமாக ஓடுகின்றன. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்றாலே மூன்று மணி நேரத்தில் 0.2 வினாடிக்கு மேல், அதாவது 5 ஃப்ரேம் தள்ளிப்போகும். தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை கேமரா முன் பலமாகக் கைதட்டுங்கள். இரண்டு தட்டும் பொருந்தும்படி ஒலியின் நீளத்தைக் கொஞ்சம் இழுத்தாலோ சுருக்கினாலோ நடுவில் உள்ளது தானாகச் சேர்ந்துவிடும். கேமரா நடுவில் நிறுத்தப்பட்டிருந்தால், ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகச் செய்ய வேண்டும்.