நாப்லான் முடிவை வைத்துக் காத்திருக்கலாமா?
வணக்கம். 3ஆம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகளுக்கு, ஆஸ்திரேலியப் பள்ளிகளின் தேசியத் தேர்வான நாப்லானின் வாசிப்புப் பகுதியில் ‘கூடுதல் உதவி தேவை’ என்று வந்திருக்க, அடுத்த தேர்வு வரை பொறுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பொறுக்க வேண்டாம், அது 5ஆம் வகுப்பில்தான் வரும். பிள்ளைகள் மனத்துக்குள் படித்து விடையளிக்கும் தேர்வு என்பதால், எழுத்துக்கூட்டுவதில் தடுமாற்றமா, படித்ததன் பொருள் பிடிபடவில்லையா என்பதை அது பிரித்துக் காட்டாது. பழகாத ஆங்கிலப் பத்தி ஒன்றை உரக்க வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். ‘ஹார்ஸ்’ என்றிருப்பதை ‘ஹவுஸ்’ என்று ஊகித்து ஓடினால், 1ஆம் வகுப்பு ஒலிப்புச் சோதனையில் (எழுத்தொலிகளைக் கூட்டிச் சொற்களை உரக்க வாசிக்கும் சோதனை) ஆசிரியர் குறித்த தாளைக் கேளுங்கள். அதன் 40 சொற்களில் பாதி பொருளற்றவை என்பதால், மனப்பாடத்தால் சமாளிக்கும் பிள்ளை அங்கே தெரிந்துவிடும். கண், செவிப் பரிசோதனையையும் இப்போதே முடித்துவிடுங்கள்.