மூடுபனியில் வெளுத்த கிட்டார்

வணக்கம் அண்ணா,

ஏற்காட்டில் இருக்கிறேன். நாமே பூட்டிக்கொள்ளும் பாகங்களாக வரும் எலக்ட்ரிக் கிட்டார் கிட் ஒன்று வாங்கினேன். பாடியைப் பத்து நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பழுப்புச் சாயம் ஏற்றி, போன வாரம் சாயங்காலம் என்.சி. லாக்கர் என்னும் பளபளப்புப் பூச்சை ஸ்ப்ரே செய்தேன். கால் மணி நேரத்தில் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, கார் பெயிண்டரிடம் கொடுத்துக் கறுப்பு அடித்துவிடலாமா? வீட்டில் வேறு, "இந்தக் காசுக்கு ரெடிமேடாகவே வாங்கியிருக்கலாமே" என்கிறார்கள்.

ஓர் ஏற்காட்டு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

சுரண்டாதீர்கள். மரத்துக்கும் சாயத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் பார்க்கும் வெள்ளை, லாக்கருக்குள் மாட்டிக்கொண்ட ஈரம்.

கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்கிறதல்லவா? லாக்கரில் உள்ள தின்னரும் ஆவியாகும்போது அப்படித்தான் பரப்பைக் குளிர வைக்கிறது. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அது குளிர்ந்த இடத்தில் நீராகப் படியும், லாக்கர் இறுகும்போது உள்ளேயே சிக்கிக்கொள்ளும். நீங்கள் இருப்பது 1500 மீட்டர் உயரத்தில். மழைக்காலச் சாயங்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும் ஊர் அது.

நல்ல வெயில் நாளாகப் பார்த்துப் பதினோரு மணிக்கு மேல் எடுங்கள். பெயிண்ட் கடையில் ரிட்டார்டர் என்று கேட்டால் தருவார்கள், லாக்கரை மெதுவாகக் காய வைக்கும் திரவம் அது. அதைத் தின்னரில் கலந்து, லாக்கர் சேர்க்காமல், புகை போல மெல்லிசாக ஒரு தடவை அடியுங்கள். லாக்கர் கொஞ்சம் இளகும், ஈரம் வெளியே போகும். என் முதல் கிட்டாரிலும் இதே வெள்ளை வந்தது. இப்படி அடித்த சில நிமிடத்தில், கண்ணாடியில் ஊதிய மூச்சு விலகுவதுபோல ஓரத்திலிருந்து வெளுப்பு கலைந்து, உள்ளே மரத்தின் ரேகை தெரிய ஆரம்பித்ததை இன்னும் மறக்கவில்லை. முகமூடி கட்டாயம். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. தின்னர் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, உட்காரும் பள்ளத்தில் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள், அங்கே லாக்கர் ஏறினால் நெக் சரியாக உட்காராது.

கறுப்பு வேண்டவே வேண்டாம். பத்து நாள் தேய்த்து எடுத்த ரேகையை எதற்கு மூட வேண்டும்?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கிட்டாரோடு சித்திரை வெயிலில் சேலத்துக்கு இறங்கினால், நெக்கின் ஓரத்தில் ஃப்ரெட் முனைகள், அதாவது விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளின் நுனிகள், கையைக் கீறலாம். வறண்ட காற்றில் மரம் குறுகும், ஃப்ரெட் கம்பி குறுகாது. முனை வெளியே நீட்டிக்கொள்ளும். எனக்கு அப்படி ஆனபோது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பெரியவர் கிட்டாரைத் தொட்டதே இல்லை. ஆனால் கொலுசின் பிசிறு புடவையில் மாட்டக் கூடாது என்று காலமெல்லாம் பார்த்த கை. சன்ன அரத்தைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு முனையிலும் இரண்டே இழுப்பு, அப்புறம் ஒரு துண்டுப் பஞ்சை ஓரத்தோடு ஓட்டினார். இழை மாட்டிய இடத்தில் மறுபடி அரம். 21 ஃப்ரெட்டும் முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இன்றைக்கும் நான் பஞ்சு வைத்துத்தான் பார்க்கிறேன். அரம் போடும் முன் விரல்பலகை மேல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டில் சொல்வது கணக்குப்படி சரிதான். அதே காசில் வாங்கும் ரெடிமேட் கிட்டார் முதல் நாளே இதைவிட நன்றாகப் பேசக்கூடும். ஆனால் உங்கள் மேஜைமேல் இருப்பது எது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். 1950 வாக்கில் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர், நெக்கைப் பாடியோடு பசைபோட்டு ஒட்டாமல் நாலு திருகில் மாட்டும் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தொழிற்சாலையில் சீக்கிரம் செய்யலாம், கெட்டுப்போனால் கழற்றி மாற்றலாம். அந்த நாலு திருகு இருப்பதால்தான் ஏற்காட்டில் ஒரு வீட்டு மேஜையில் நீங்கள் கிட்டார் கட்ட முடிகிறது. நாளைக்கு ஒரு கம்பி இரைந்தால் எந்தத் திருகைத் தொடுவது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். எனக்கு அது பெரிய விஷயம்.

வெளுப்பு போனதும் அவசரப்பட்டுப் பாலிஷ் போடாதீர்கள். மூன்று வாரமாவது பாடியை ஆணியில் தொங்கவிடுங்கள். பெட்டிக்குள் வைத்தால் துணியின் தடம் லாக்கரில் பதிந்துவிடும். அப்புறம் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். தின்னர் வாசம் இருந்தால் இன்னும் ஒரு வாரம் தொங்கட்டும்.