தோப்பை விற்க வேண்டாம், அந்த நோட்டைப் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை கம்பத்திலிருந்து ஒரு குடும்பம் படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தது. மகள் பிளஸ் டூ, பயோ-மேத்ஸ். அப்பா கையில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கட்டணப் பட்டியல், வருடத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல். "நீட்ல மார்க் குறைஞ்சாலும் மேனேஜ்மென்ட் சீட்டு வாங்கிடலாம்னு அண்ணன் சொல்றாரு சார். தோப்பைக் கொடுத்தா சமாளிச்சிடலாம்." அம்மா தலையைக் குனிந்தபடியே இருந்தார்.

பதறாதீர்கள் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். அதற்குள் அந்தப் பெண் தயங்கித் தயங்கி ஒரு நோட்டை நீட்டினாள். ராணுவத்தில் இருக்கும் அவள் தாய்மாமா லடாக் மலைகளில் இருக்கும் லே நகரில் போய் இறங்கியதும், முதல் சில நாள் வேலை கொடுக்காமல் ஓய்வெடுக்கச் சொன்னார்களாம். அந்த நாட்களில் ரத்தத்துக்குள் என்ன மாறுகிறது என்று எழுதி, கீழே குளுக்கோஸ் உடையும் படிகளை அம்புக்குறி போட்டு வரைந்திருந்தாள். ஓரத்தில் பென்சிலால்: "ஒவ்வொரு படிக்கும் வேகம் தெரிந்தால் கணக்காகப் போடலாமா?"

அவள் அப்பாவுக்குச் சொல்கிறேன்: ஐயா, போடலாம். உலகத்தில் சிலர் அதைத்தான் வேலையாகச் செய்கிறார்கள். அதை உங்களுக்கு விளக்கமாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ரத்தத்தின் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. சுமார் 120 நாள் வாழ்கிறது. அந்த ஆயுள் முழுக்க குளுக்கோஸை உடைத்தே பிழைக்கிறது. உடைக்கும் வழியில் ஒரு கிளைப்பாதை உண்டு. அதில் 2,3-பிபிஜி என்ற பொருள் உருவாகும். அது ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் போய் உட்கார்ந்தால், ஹீமோகுளோபின் தன் பிடியைத் தளர்த்தித் திசுக்களுக்கு ஆக்சிஜனை எளிதாக விட்டுக்கொடுக்கும். லே போல ஆக்சிஜன் குறைந்த 3,500 மீட்டர் உயரத்துக்குப் போனவருக்குப் புதிய சிவப்பணுக்கள் பெருக வாரக்கணக்காகும். 2,3-பிபிஜி ஓரிரு நாளிலேயே கூடிவிடுகிறது. மாமாவின் ரத்தத்தில் முதலில் நடந்த மாற்றங்களில் இது ஒன்று.

எப்படிக் கூடுகிறது? சிவப்பணுவின் சவ்வில் பேண்ட் 3 என்றொரு புரதம் இருக்கிறது. குளுக்கோஸை உடைக்கும் நொதிகள் (என்சைம்கள்) சில அதில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, நொதிகள் விடுபட்டு வேலையைத் தொடங்கும். இத்தனையையும், எது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்லும் வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள் ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகத்தினர். கணினி சொன்னதை உண்மையான ரத்தத்தில் அளந்து சரிபார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்த வரிசைதான்: முதலில் கணக்கு, அப்புறம் ரத்தம்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று உங்கள் அண்ணன் கேட்பார். ரத்த வங்கியில் சிவப்பணுவை அதிகபட்சம் 42 நாள் வைத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்குள்ளேயே அதிலுள்ள 2,3-பிபிஜி பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. நீலகிரிப் பழங்குடி மக்களிடம், சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய் இருப்பது 1952-இலேயே பதிவானது. அந்த நோயாளிக்கு இதே பொருள் கூடுவது கெடுதல், சிவப்பணு வளைந்துபோவது எளிதாகிவிடும். எதை எவ்வளவு குறைக்கலாம் என்பதை முதலில் கணினியில் பார்ப்பது நல்லது இல்லையா?

சரி, படிப்புக்கு வருவோம். நீட், எஞ்சினியரிங் கவுன்சலிங் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், விட்டுவிடுகிறேன். ஐசர் என்ற, அறிவியல் படிப்புக்கும் ஆராய்ச்சிக்குமான மத்திய அரசு நிறுவனங்கள் ஏழு இருக்கின்றன; உங்களுக்குப் பக்கம் திருவனந்தபுரமும் திருப்பதியும். இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ். நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15 கேள்விகள், மூன்று மணி நேரம். உயிரியலும் கணிதமும் ஒரே தட்டில் கிடைக்கும் இடம் அது. ஐந்து வருடத்துக்கும் விடுதியோடு சேர்த்து ஆகும் செலவு, உங்கள் பட்டியலில் உள்ள ஒரு வருடக் கட்டணத்தைத் தொடாது. மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் வருடம் 80,000 ரூபாய் வரை வரும். சென்னை ஐஐடியின் மருத்துவ அறிவியல்-பொறியியல் பிஎஸ் படிப்புக்கும் இதே தேர்வுதான்.

ஒன்றை மறைக்க மாட்டேன். இருபத்திரண்டு வயதில் கைநிறையச் சம்பளம் இதில் இல்லை. முனைவர் பட்டம் வரை போக வேண்டும். அந்த வருடங்களில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். மகள் சம்பளத்தில்தான் வீட்டுக் கடன் அடைய வேண்டும் என்றால் இந்த வழி வேண்டாம், இப்போதே சொல்லிவிடுங்கள். ஆனால் தோப்பை விற்று, அவள் கேட்காத சீட்டை வாங்குவதற்கு நான் எந்தக் காலத்திலும் சரி என்று சொல்ல மாட்டேன். அது உங்கள் சோறு. அவள் வாயால் ஒருமுறைகூட டாக்டர் என்ற சொல் வரவில்லை, கவனித்தீர்களா? லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு கணிதமே இல்லாமல் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் (உயிரியல் தரவைக் கணினியில் ஆராயும் படிப்பு) நடத்தும் கல்லூரிகள் பக்கமும் போகாதீர்கள்.

பரீட்சை முடிந்ததும் இப்படிப்பட்ட வினைகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் கோபாசி என்ற இலவச மென்பொருளை வீட்டுக் கணினியில் போட்டுக் கொடுங்கள். பெர்லின் ஆய்வாளர் ஹோல்ட்ஸ்ஹூட்டர் 2004-இல் வெளியிட்ட சிவப்பணுவின் கணித மாதிரி பயோமாடல்ஸ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு நொதியின் வேகத்தைப் பாதியாக்கினால் என்ன ஆகிறது என்று அவளே ஓட்டிப் பார்க்கட்டும். ஒரு வாரம் கழித்து, இன்னும் அதிலேயே உட்கார்ந்திருக்கிறாளா என்று அம்மாவிடம் கேட்டு எனக்குப் போன் செய்யுங்கள்.