கோட்டுக்கு எந்தப் பக்கம்?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், வரைபடத்தைப் பார்த்து நேரிய அசமன்பாட்டை எழுதச் சொன்னால் கோடு வரை சரியாக வந்துவிட்டு, <, > குறியில் தடுமாறுகிறாள். நிழலிட்ட பகுதி கோட்டுக்குக் கீழே இருந்தால் < என்று மனப்பாடம் செய்திருக்கிறாள். அது சரியா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: அந்த மனப்பாடத்தை முதலில் விடச் சொல்லுங்கம்மா, அது எப்போதும் கைகொடுக்காது. பாலாறு வேலூரை ஒரு கரையிலும் காட்பாடியை மறுகரையிலும் வைத்திருப்பது போல, கோடு தாளை இரண்டாகப் பிரிக்கிறது, நிழல் எந்தக் கரையில் என்பதுதான் கேள்வியே.

கோடு (2, 0), (0, 4) வழியாகப் போகிறது என்று வையுங்கள். சமன்பாடு 2எக்ஸ் + ஒய் = 4. இப்போது ஆதிப்புள்ளியை, அதாவது (0, 0)-ஐ, அதில் போட்டுப் பார்க்கட்டும்: இடப்பக்கம் 0, அது 4-ஐவிடக் குறைவு. நிழல் ஆதிப்புள்ளி இருக்கும் பக்கமே என்றால் 2எக்ஸ் + ஒய் < 4, மறுபக்கம் என்றால் >. அப்புறம் கோட்டைக் கவனிக்க வேண்டும், விட்டுவிட்டுப் போட்டிருந்தால் இதே குறி போதும், முழுக்கோடு என்றால் கோட்டில் உள்ள புள்ளிகளும் சேர்த்தி, அதனால் ≤ அல்லது ≥. நிறைய பிள்ளைகள் மதிப்பெண்ணை விடுவது இங்கேதான்.

மனப்பாடம் ஏன் ஏமாற்றும் என்றால், 2எக்ஸ் − ஒய் < 4 வரைந்து பாருங்கள், குறி < தான், நிழலோ கோட்டுக்கு மேலே விழும்! ஒய்க்கு முன்னால் கழித்தல் இருப்பதால் வரும் வினை.

கோடு ஆதிப்புள்ளி வழியாகவே போனால் மட்டும், கோட்டில் இல்லாத வேறு புள்ளி, (1, 0) மாதிரி, எடுத்துக்கொள்ளட்டும்.